மாமா பார்க்க வந்த பூகம்பம்

எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பாவுக்கு முதுநகரில் கம்பி, சிமென்ட் கடை. பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று அவர் கேட்டதற்கு, "பூகம்பம் தயார் பண்றான்" என்று எங்கள் வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். போதாக்குறைக்கு, பையன் முன்கோபி என்று யாரோ போட்டுக்கொடுத்திருந்தார்கள். அது பொய்யும் இல்லை. மனிதர் பஸ் ஏறி, சிதம்பரத்தில் நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த லேபுக்கே வந்துவிட்டார். அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனால் பவ்யமாக உள்ளே அழைத்துப் போனேன்.

"நம்ம பக்கம் பெரிய பூகம்பம் எதுவும் பதிவாகல சார். அதனால கம்ப்யூட்டர்ல நாங்களே ஒண்ணு செய்யிறோம்," என்றேன். கன்னாபின்னாவென்று வரும் எண்களை எங்கள் மண்ணுக்கேற்ப வடிகட்டி, புயல் மழை மாதிரி தூறலில் தொடங்கிக் கொட்டித் தீர்த்துத் தூறலில் முடியும் அதிர்வாக மாற்றுவோம். அந்த அதிர்வைக் கொடுத்தால் இரும்பு மேடை அப்படியே ஆடும். மேடைமேல் நிற்கும் மாதிரிக் கட்டடமும் ஆடும்.

"வராதத வலிய வரவைக்கிறீங்க," என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

மேடையில் நின்றது இடுப்புயரக் கட்டடம். நானே பார்த்துப் பார்த்துக் கட்டியது. பழைய பாணியில் இப்படிக் கட்டினால் தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் உடையும் என்பது என் கணக்கு. உடையாவிட்டால் இத்தனை வருஷ ஆராய்ச்சியும் குப்பை.

மோட்டாரைப் போடுமுன் லேப் அண்ணன் வழக்கம்போல மேடையின் மூலைகளில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றினார். பெண்ணின் அப்பாவும் கண்ணை மூடி உருக்கமாகக் கும்பிட்டார்.

மேடை ஆடியது. கட்டடத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"பிரமாதம் தம்பி," என்று கைதட்டினார். "நல்லபடியா நிக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

லேப் அண்ணன் தலையில் கைவைத்தார். "சார், இங்க நாங்க இடியணும்னுதான் வேண்டிக்குவோம்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வேறு யாராக இருந்தாலும் வெளியே அனுப்பியிருப்பேன். அவர் மகளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். "பரவால்ல சார். இன்னும் பெருசா ஒண்ணு வுட்டுப் பாப்போம்."

மறுபடி கற்பூரம். இந்த முறை அவரும் எங்களோடு சேர்ந்து, கட்டடம் இடிய வேண்டும் என்று முணுமுணுத்தார். கடையில் சிமென்ட் விற்கிறவர் வாயில் அது வருவது பெரிய விஷயம்.

மேடை குலுங்கியது. நான் சொன்ன அதே இடத்தில் தூண்கள் முறிந்து, மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன.

"இடிஞ்சிடுச்சி மாமா," என்று அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இன்னும் தாம்பூலம்கூட மாற்றவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. சட்டென்று விலகினேன். அவர் சட்டையில் ஒட்டிய என் கைத்தூசியைத் தட்டிக்கொண்டே வெளியே நடந்தார். என் கல்யாணமும் கூடவே போகிறது என்று நினைத்தேன்.

அவர் நேராக டீக்கடைக்குப் போய் எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"எம்பொண்ணு படிப்புல கெட்டி. ஆனா அடுப்புல எத வச்சாலும் தீய வுட்டுடும்," என்றார். "நீங்க முன்கோபின்னு கேள்விப்பட்டப்ப அதான் பயமா இருந்துச்சி. தான் கட்டுனது இடிஞ்சதுக்கே இவ்ளோ சந்தோஷப்படுற ஆளு, கொழம்பு தீஞ்சதுக்கா கோச்சுக்கப் போறீங்க?"

"மாட்டவே மாட்டேன் சார்," என்றேன்.

"அப்ப மாமான்னே கூப்புடுங்க," என்றார்.