படத்தின் பின்பக்கம்

மயிலாப்பூர்க் கிளை நூலகத்தின் மாடியில், பழைய படத் தொகுப்பை இணையத்தில் திறந்துவைத்த அன்று நூலகர் இருந்தார், கவுன்சிலர் இருந்தார், தன் வீட்டுப் பழைய படங்களைக் கொடுத்த மாட வீதி மாமி பட்டுப்புடவையில் இருந்தார், அவற்றை ஸ்கேன் செய்த ஒப்பந்த ஊழியனாக நானும் இருந்தேன். அம்மா இல்லை. தி. நகர் அடுக்ககம் ஒன்றில் மூன்று வீட்டுக்குச் சமைக்க வேண்டியிருந்தது.

அதுவரை நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுத் தொகுப்பை அங்கிருந்த ஒரே கணினியில்தான் பார்க்கலாம். அதை இணையத்தில் திறந்துவிட வேண்டும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி தர வேண்டும் என்று ஒரு வருடம் நூலகரை அரித்தவன் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். எழுத்தில் இருப்பதெல்லாம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தால் நல்லது என்று நம்பினேன்.

மாமியின் படங்களில் ஒன்று, அவர்கள் மாருதி வேன் வாங்கிய அன்று எடுத்தது. வண்டிக்கு மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், வரிசையாகக் குடும்பம். ஓரத்தில் அந்த வீட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்தபடி என் அம்மா, கல்யாணமான புதிதில். அங்கே வேலை செய்தாள் என்று தெரியும். ஏன் வேலையை விட்டு நின்றாள் என்று நான் கேட்டதில்லை. வீட்டுக்காரர்களுக்கு மட்டும் பெயர் போட்டிருந்த குறிப்பில் அம்மாவின் பெயரையும் முழுதாகச் சேர்த்தேன். அன்று எனக்கு இருந்த பெருமிதம் கொஞ்சமல்ல.

எங்கள் வேலையில் படத்தின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து சேர்த்தே ஏற்ற வேண்டும். பின்பக்கங்களை ஒரே மதியத்தில் மளமளவென்று முடித்தேன். ஒன்றையும் படிக்கவில்லை.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவள் போனில் படத்தைத் திறந்து கொடுத்தேன். மறுநாள், சமைக்கும் மூன்று வீடுகளில் முதல் வீட்டம்மாவிடம் நீட்டி, பையன் போட்டிருப்பதைப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா பெயரைப் படித்தார், பாராட்டினார், விரலால் அடுத்த பக்கத்துக்குத் தள்ளினார். பாதி படித்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். சாயங்காலத்துக்குள் மூன்று வீட்டிலும் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

"அதுல இன்னாடா எழுதிக்கீது? அந்தம்மா பாதியில நிறுத்திடுச்சு," என்று போனைக் கொடுத்தாள்.

பார்த்தேன். பழைய கையெழுத்து. ஓரத்தில் நிற்பவள் வெள்ளி டம்ளரைத் திருடியதால் வேலையிலிருந்து நிறுத்தினோம் என்று இருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். படித்தவன் அல்லவா, வரி பிசகாமல் வாசித்துக் காட்டினேன்.

"நான் எடுக்கலடா," என்றாள், எடுத்தாயா என்று கேட்டது நான்தான் என்பதுபோல.

மாட வீதிக்குப் போனேன். மாமி உட்காரவைத்துக் காபி கொடுத்தார். எழுதியது தன் மாமியார் என்றார்.

"அந்த டம்ளர் அடுத்த வாரமே பரண்ல அண்டாக்குள்ள கெடைச்சுடுத்தே. ஆத்துல எல்லாருக்கும் தெரியும். அதுக்குள்ள வேற ஆள் வந்துட்டா. இவளைத் தேடிண்டு யார் போறது?"

அதை மட்டும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். போய்ச் சேர்ந்தவரைப் பொய்க்காரி ஆக்க முடியாது என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, "அவ பேரை அதுல போட்டது நாங்க இல்லையேப்பா, நீதானே?" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

நான் போய்ச் சொன்ன அரைமணியில் நூலகர் எங்கள் தளத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டார். அதற்குள் பழைய மயிலாப்பூர்ப் படங்களைப் போடும் நாலைந்து பேர் எடுத்துப் போட்டிருந்தார்கள், பின்பக்கத்தோடு. கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்க வழியில்லை என்றார் நூலகர். அந்த அனுமதியைக் கேட்டு விண்ணப்பம் எழுதியது யார் என்று சொல்லாமல் விட்டார். ஒரு படத்தின் கீழே எவனோ, டம்ளர் இப்ப எந்த அடகுக் கடையில கீது மச்சி என்று கேட்டிருந்தான். நிறையப் பேர் சிரித்திருந்தார்கள்.

அம்மா அசோக் நகர், மேற்கு மாம்பலம் என்று வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெயரைச் சொன்னதும் போனை எடுத்துத் தேடிப் பார்க்கிறார்களாம். இப்போது கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவுகிறாள், முகூர்த்தம் இருக்கும் நாட்களில் மட்டும். அந்த மூன்று வீட்டிலும் சேர்த்து அவளுக்கு வந்துகொண்டிருந்தது மாதம் பதினான்காயிரத்து ஐந்நூறு ரூபாய்.