பொட்டு விடாத மதில்

எனக்கும் அக்காவுக்கும் சீதனமாகக் கிடைத்தவை ஒரே வளவின் இரண்டு பாதிகள். நடுவில் கதியால் வேலி. அதில் ஆள் குனிந்து நுழையுமளவுக்கு ஒரு பொட்டு. தொண்ணூற்றைந்து ஐப்பசியில் சண்டையால் இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்குப் போய், அடுத்த சித்திரையில் திரும்பியபோது வேலியே இருக்கவில்லை. வீட்டுக்கு ஓடு போடுவதற்கு முன்பே அக்கா வேலியை அடைப்பித்தார், பொட்டோடு.

அக்கா கேட்காமல் வருவார். நான் கூப்பிட்டால்தான் போவேன். யாரும் வகுத்த சட்டமில்லை, ஆனால் ஒருநாளும் மாறியதில்லை.

"எடியே, உதென்ன சீலை? கலியாணவீட்டுக்குப் போறியோ, செத்தவீட்டுக்குப் போறியோ?"

நான் மாற்றிக்கொண்டு வருவேன். வெங்காயம் நடுகிற நாள், மகளுக்கு வந்த சம்பந்தம், எல்லாம் அந்தப் பொட்டால் வந்த தீர்ப்புகள்தான். "எனக்கு மேலதிகாரி வேலிக்கு அங்காலை" என்று என் கணவர் சொல்லிச் சிரிப்பார். நான் சிரித்ததில்லை. ஒரு தடவையாவது நானே ஒன்றை முடிவு செய்ய வேண்டுமென்று உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தேன்.

போன ஆவணியில், கனடாவில் இருக்கும் அக்காவின் மகன் வேலிக்குப் பதிலாக மதில் கட்டச் சொன்னான். வேலை தொடங்கியது ஒரு புதன்கிழமை. பொட்டு இருந்த இடத்துக்கு வந்ததும் மேசன் கையை நிறுத்தினார்.

"அம்மா, இதிலை சின்னப் படலை ஒண்டு விடவோ?"

"விடுங்கோ" என்று நான் முந்திக்கொண்டேன். அக்கா அதட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

"பொறுங்கோ, தம்பியை ஒருக்காக் கேப்பம்."

அக்கா ஒருவரைக் கேட்டு நான் கண்டது அன்றுதான். அவர் தம்பி என்று கூப்பிடும் மகனின் குரல் தொலைபேசியில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஏனம்மா படலை? றோட்டாலை போகலாம்தானே. கள்ளருக்கு நாங்களே வழி விடுறதோ?"

"ஓம் மோனை. நீ சொல்லுறதும் சரிதான்."

மேசன் அடுத்த கல்லை வைத்தார்.

அதிகாரத்தைப் பற்றி எவ்வளவோ வாசித்திருக்கிறேன். ஆளுகிறவரின் ஆசையும் பணிகிறவரின் பயமும் அந்தப் புத்தகங்களில் இருக்கின்றன. பணிந்து பழகியவருக்கு, தன்னை அதட்டிய குரல் இன்னொருவருக்குப் பணிவதைக் கேட்க எப்படியிருக்கும் என்று நான் எதிலும் வாசித்ததில்லை.

மார்கழியில், திருவெம்பாவை தொடங்கிய அன்று, முன்படலையில் தட்டுகிற சத்தம். குடையோடு அக்கா.

"உள்ளுக்கு வரலாமோ, பிள்ளை?"

கதிரையின் நுனியில், விருந்தாளி போல இருந்தார். நான் கட்டியிருந்த சீலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குத் தாங்கவில்லை. ஒரு பொய்யைச் சொன்னேன்.

"அக்கா, பின்வளவுப் பலாவைத் தறிக்கப் போறன்."

அது அவர் வைத்த மரம். ஆட்டுக்குக் குழை ஒடிக்கக்கூட என்னை விட்டதில்லை. "எடியே" என்று தொடங்குவார் என்று காத்திருந்தேன்.

"உன்ரை வளவு. உன்ரை விருப்பம்."

"தறிக்கட்டோ, விடட்டோ? சொல்லுங்கோவன்."

"என்னை ஏன் கேக்கிறாய்? உன்ரை மனுசனைக் கேளன்."

"என்னையோ?" என்றார் கணவர் அறைக்குள்ளிருந்து. "என்னை எந்தக் காலத்திலை இந்த வீட்டிலை கேட்டவை?"

மூன்று பேரும் சிரித்தோம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "போட்டு வாறன்" என்று அக்கா குடையை எடுத்தார். நான் படலை மட்டும் கூடப்போனேன். அவர் றோட்டால் சுற்றிப் போனார். நான் பின்வளவுக்கு வந்து, மதிலுக்கு அங்கால் அவருடைய கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை நின்றேன்.