அட்டை சாயாத இடம்

பல்பு அக்கா ஒரு பல்பை ஏறிட்டுப் பார்த்தாளென்றால், அது எந்தக் கிழமை எத்தனை மணிக்குக் கண்ணை மூடும் என்று சொல்லிவிடுவாள். சரி, சரி, கொஞ்சம் அளந்துவிட்டேன். ஒற்றைப் பல்பைப் பற்றி அவளால் ஒன்றும் சொல்ல முடியாது. கூடை கூடையாகக் கொடுத்தால் சொல்வாள். இதை அவள் மறந்தது ஒரே ஒரு முறைதான்.

பல்பு ஆலையின் சோதனை அறையில் அவளுக்கு வேலை. சுவர் முழுக்க பல்புகள் எரிந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு எப்போதோ அணையும். எந்த நொடியிலும் அணையலாம், இரண்டு நொடிக்கு நடுவிலும் அணையலாம். அதனால் எந்த நேரத்தில் அதிகம் அணைகின்றன, எப்போது குறைவு என்று மேடும் சரிவுமாக ஒரு வளைகோடு வரைவாள். கோட்டுக்கு அடியிலுள்ள பரப்பை ஒன்று என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நேரத்தையும் அங்கே கோடு நிற்கும் உயரத்தால் பெருக்கி, முழுவதையும் தொகையிடுவாள். வருவது எதிர்பார்ப்பு மதிப்பு. ஊர் வழக்கில் சராசரி.

அவள் கணவர் டெய்லர். அவருக்குத் தொகையிடல் தெரியாது, கத்தரி தெரியும். அவள் வரைந்ததைத் தடித்த அட்டையில் வெட்டி, நிமிர்த்திய மரஸ்கேலின் விளிம்பில் வைத்து மெல்ல நகர்த்துவார். அட்டை எங்கே சாயாமல் நிற்கிறதோ, அதுதான் அவள் பக்கம் பக்கமாகப் போட்ட விடை.

“உன் மண்டை காலையிலேர்ந்து பாடுபட்டது. என் கத்தரி ரெண்டு வெட்டுல முடிச்சிடுச்சு பாத்தியா?”

“கோடு போட்டுக் கொடுத்தது யாராம்? உங்க கத்தரிக்கு வாய் ரொம்பத்தான் நீளம்.”

ஒரு நாள் டெய்லரின் நுரையீரல் கெட்டுவிட்டது என்று தெரிந்தது. “சராசரியா ரெண்டு வருஷம்,” என்றார் டாக்டர். கடல் கடந்து வேலை பார்த்த மகள் போனில் அழுதாள்.

“இப்பவே வரட்டுமாம்மா? ஒரு வாரம்தான் லீவு தர்றாங்க. அடுத்த வருஷம்னா மூணு மாசம் கிடைக்கும்.”

டெய்லர் போனுக்குக் கை நீட்டினார். அக்கா முந்திக்கொண்டாள்.

“அடுத்த வருஷமே வாடி. மூஞ்சியக் காட்டிட்டு ஓடினா அப்பாவுக்கு ஏக்கம்தான் மிஞ்சும். ரெண்டு வருஷம் இருக்கில்ல?”

டெய்லர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொண்டார்.

அடுத்த மழைக்காலம் தொடங்குமுன்னே அவர் போய்விட்டார். மகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்தபின், டாக்டரிடம் கேட்டு வாங்கிய அந்த நோயின் வளைகோட்டைத் தையல் மேசையில் வைத்து அக்கா அட்டையில் வரைந்தாள். அவருடையது இடதுகைக் கத்தரி. அவள் கைக்குப் பிடிபடாமல் ஓரத்தைக் கடித்துக் கடித்து வெட்டியது. ஸ்கேல் விளிம்பில் வைத்தாள். சரியாக இரண்டு வருஷத்தில் அட்டை சாயாமல் நின்றது. டாக்டர் பொய் சொல்லவில்லை.

ஆனால் மேடு அத்தனையும் முதல் வருஷத்துக்குள்ளேயே குவிந்து கிடந்தது. வலப்பக்கம் எலிவாலாக நீண்டுகொண்டே போனது, நெடுங்காலம் தாக்குப்பிடித்த ஒருசிலரின் வால். தொலைவில் நின்ற அந்த ஒருசிலரே அட்டை சாயாத இடத்தைத் தங்கள் பக்கம் இழுத்துவிட்டார்கள். ஆலையில் எவராவது சராசரியைக் காட்டி, ‘பாதிப் பல்பாவது அதுவரை எரியும்’ என்று சொன்னால் அவரை உண்டு இல்லையென்று பண்ணிவிடுவாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பல்பு.

“என் கணக்க நம்பித்தாண்டி உன்னப் பாக்காமப் போயிட்டாரு,” என்றாள். “ரெண்டு வருஷம்னு நான் சொன்னத அப்படியே நம்பிட்டாரு.”

மகள் அவள் கையிலிருந்த கத்தரியை வாங்கி மூடி வைத்தாள்.

“இல்லம்மா. அப்பா நம்பவே இல்ல. மறுநாளே கடையிலேர்ந்து எனக்குப் போன் பண்ணாரு. ‘எத்தனை அட்டை வெட்டியிருக்கேன், மேடு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? உங்கம்மா வாலப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நீ இப்ப வந்து நின்னேன்னா அதையும் விட்டுடுவா, வராத’ன்னாரு.”