அக்கா ஊருக்குப் போன குட்டை

ணங்... ணங்... என்று இரும்பு வளையத்தைச் சம்மட்டியால் அடித்து மண்ணுக்குள் இறக்குகிற சத்தம் இன்னும் காதில் கேட்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம். அதில் தண்ணீர் ஊற்றி, ஸ்கேலை நட்டு, வாட்ச்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார் மண்ணைச் சோதிக்க வந்த ஒரு மேடம்.

குஜிலியம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். கொஞ்சம் தள்ளி, என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். மழைத் தண்ணீரைத் தேக்கி நிலத்தடி நீரை ஏற்ற ஒரு குட்டை வெட்டப் போகிறார்கள், இரண்டு ஊரில் ஒன்றுக்குத்தான் கிடைக்கும் என்று சேதி வந்தது. குட்டை எங்கேயோ, அங்கேதான் கிணறு ஊறும்...

"தண்ணி ஊத்திப் பாப்பாங்களாம்ல" என்று என் வீட்டுக்காரர் டீக்கடையில் கேட்டுவிட்டு வந்தார். அவ்வளவுதான் கேட்டார். மீதியை ஊர் ஆம்பளைகள் அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். தண்ணீர் நிற்கிற இடத்தில்தானே குட்டை வெட்டுவார்கள்?

சொன்னால் சிரிக்கக் கூடாது. டிராக்டரில் குளத்து வண்டலைக் கொண்டுவந்து, மேடம் சோதிக்கப் போகிற இடத்தில் கொட்டி, தண்ணீர் விட்டு மிதித்து, களம் மெழுகுவது போல மெழுகி, மேலே செம்மண்ணைத் தூவி... இவர்தான் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி முன்னால் நின்று வேலை வாங்கினார்.

மேடம் ஊற்றிய தண்ணீர் குடத்தில் இருப்பது போல அப்படியே நின்றது.

"பாத்தீங்களா மேடம், எம்புட்டு நேரமா நிக்குது!" என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி.

அக்கா ஊரிலோ ஊற்ற ஊற்றக் காணோம். "எங்க மண்ணு எம்புட்டு ஊத்துனாலும் குடிச்சிரும் மேடம்..." என்று அக்கா வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தாராம். எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

குட்டை அக்கா ஊருக்குப் போனது.

தண்ணீர் உள்ளே இறங்குகிற மண்தான் வேண்டும், நிற்கிற மண் ஆகாது என்று மேடம் விளக்கியபோது இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உண்மையச் சொல்லுங்களேன். இன்னொருக்கா பாக்கட்டும்" என்றேன்.

"என்னன்னு சொல்ல? மெழுகி வச்சோம்னா? காறித் துப்ப மாட்டாங்க?"

சொல்லவே இல்லை.

இன்று அக்கா தோட்டத்தில் சித்திரை வெயிலிலும் தண்ணீர் வற்றாமல் மல்லிகை பூக்கிறது. கிணற்றுத் தண்ணீரை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்கிறாள். "எல்லாம் எங்க ஊரு மாரியாத்தா குடுத்தது" என்கிறாள். நான் ஹார்ட் போடுகிறேன். வயிறு எரிகிறது... கூடப் பிறந்தவள்தான், இருந்தாலும் எரிகிறது. அவள் கொடுத்துவிடும் முருங்கைக்காயைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே எரிகிறது.

குட்டை வருவதற்கு முன்னால் எல்லாம் தலைகீழ். எங்கள் கிணறுதான் கோடையைத் தாங்கும். அக்கா குடங்களோடு வருவாள். "எடுத்துக்கக்கா, நம்ம கெணறுதான" என்பேன், பெரிய மனுஷி மாதிரி. அவள் ஒன்றும் பேசாமல் இறைத்துக்கொண்டு போவாள். பிறகு சுற்றிலும் ஆளாளுக்கு போர் போட்டு, எங்கள் கிணறு காய்ந்தே போனது.

போன வாரம் நான் குடங்களோடு போனேன்.

"எடுத்துக்கடி, நம்ம கெணறுதான" என்றாள் அக்கா.

அப்போது உனக்கும் இப்படித்தான் எரிந்ததா அக்கா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்டால் எனக்கு எரிவது தெரிந்துவிடுமே... ஒன்றும் பேசாமல் இறைத்துக்கொண்டு வந்தேன்.