செல்லுக்கு வந்த ஸ்கேன் ரிப்போர்ட்

அண்ணன் வெள்ளிமலையில் ஜீப் ஓட்டுகிறார். அண்ணி அங்கேயே பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அவ்வளவுதான் கடை. நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்ப்பதால், அந்தக் கம்ப்யூட்டருக்கு எது வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

போன வருஷம் யாரோ கேட்டார்கள் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை ஃபைலை அண்ணி நெட்டில் இருந்து இறக்கித் திறந்தார். உள்ளே இருந்தது பத்திரிகை இல்லை, வைரஸ். கம்ப்யூட்டரில் இருந்த அத்தனையும் போய்விட்டது. கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே அண்ணன் அவரைத் திட்டினார். நான் மலைக்குப் போய் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். பிரவுசரின் செட்டிங்ஸில் பாதுகாப்பை இருப்பதிலேயே கெடுபிடியான இடத்தில் வைத்தேன். இனி சந்தேகமான எதையும் அது சும்மா இறக்காது. சிவப்பு எழுத்தில் தடுத்துவிட்டு, அப்படியும் வேண்டுமா என்று கேட்கும். வேண்டும் என்றால் ‘கீப்’ என்பதை அமுக்க வேண்டும். அதை அமுக்கவே கூடாது என்று அண்ணியிடம் சொன்னேன். சொன்ன விதம் மிரட்டல் மாதிரிதான் இருந்தது. மறுபடி இப்படி ஆனால் நான் மலையேறி வர மாட்டேன் என்றேன். அவர் தலையாட்டினார்.

இந்த வருஷம் லேபில் பிராக்டிகல் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

“பாப்பா, ஒரு பொண்ணு வந்துகீது. அது செல்லுல வந்த லிங்க்க அடிச்சா செவப்பா இன்னாமோ வருது. அமுக்கட்டுமா?”

“செவப்பா வந்தா தொடாதீங்க அண்ணி. அப்புறம் பேசுறேன்.”

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டேன். என்ன ஃபைல் என்று கேட்கவில்லை. அப்புறம் பேசவும் இல்லை.

அன்று கடைக்கு வந்தவள் மலைமேலேயே கரியாலூர் பக்கத்துப் பெண் என்பதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எட்டு மாதக் கர்ப்பம். கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்திருந்தாள். அன்று ரிப்போர்ட் தயாராகவில்லை, செல்லுக்கு லிங்க் அனுப்புகிறோம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அவளிடம் இருந்தது பட்டன் போன். அதில் எதையும் திறக்க முடியாது. வெள்ளிமலை ஆஸ்பத்திரி நர்ஸ், பிரிண்ட் எடுத்து வந்து காட்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அண்ணி அந்த லிங்க்கை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்திருக்கிறார். ஸ்கேன் சென்டரின் வெப்சைட் பழையது, பாதுகாப்பு வசதி எதுவும் செய்யாதது. அதனால்தான் பிரவுசர் தடுத்திருக்கிறது. ஃபைலில் ஒரு கோளாறும் இல்லை.

கேட்டுச் சொல்கிறேன் என்று அண்ணி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எஸ்டேட் வேலைக்குக் கேரளா போயிருந்த புருஷன் வந்து, அவளைக் கீழே கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போக இரண்டு நாள் ஆகிவிட்டது. மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போய் ரிப்போர்ட்டை வாங்கினால், வயிற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது, உடனே அட்மிட் ஆக வேண்டும் என்றிருக்கிறார்கள். அன்றைக்கே பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன். குழந்தை எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் அண்ணி போனில் சொன்னார். என் குரல் மாறியது அவருக்குத் தெரிந்துவிட்டது.

“நீ ஏன் பாப்பா கஷ்டப்படுற? இங்க பிரிண்ட் எடுத்துக் குடுத்திருந்தாலும் கீழதான அனுப்பியிருப்பாங்க” என்றார்.

அனுப்பியிருப்பார்கள்தான். ஆனால் அன்றைக்கே, ஆம்புலன்ஸில்.

மறுநாள் பழமும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஜெராக்ஸ் கடை அக்காவின் நாத்தனார் என்றதும் மெல்ல எழுந்து உட்காரப் பார்த்தாள். வேண்டாம் என்று தடுத்தேன். அந்த ரிப்போர்ட்டை அன்றே எடுத்திருக்கலாம், என்ன ஏது என்று கேட்காமல் நான்தான் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று திக்கித்திக்கிச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்காவ ஒன்னும் சொல்லாதீங்க. எனுக்கு டீ வாங்கிக் குடுத்து குந்த வெச்சாங்க. அவங்களும் எவ்ளோ நேரம் அடிச்சி அடிச்சிப் பாத்தாங்க” என்றாள்.

அண்ணிமேல் குற்றம் கண்டுபிடிக்க வந்திருக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். திரும்ப ஒருமுறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழந்தையைப் பார்க்கிறீர்களா என்று அவள் புருஷன் கேட்டான். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளங்கையளவு முகம். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

குழந்தை தேறியது. எடை ஏறி, தாயும் பிள்ளையும் மலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வெள்ளிமலைக்குப் போனேன். பிரவுசரின் கெடுபிடியை ஒரு படி குறைத்தேன். அந்த ஸ்கேன் சென்டர் வெப்சைட்டை மட்டும் தடுக்காதே என்று தனியாக அனுமதி கொடுத்தேன். வைரஸ் என்று தடுப்பது வேறு, வெப்சைட் பழையது என்று தடுப்பது வேறு, எழுத்தைப் படித்தால் தெரியும் என்று விளக்கினேன். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நீங்களே ஒருமுறை அமுக்கிப் பாருங்கள் என்று மௌஸை அவர் பக்கம் தள்ளினேன். அவர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

“நீயே அமுக்கு பாப்பா.”

இப்போது வகுப்பு நடுவில் அவர் கூப்பிட்டாலும் நான் எடுத்துவிடுகிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் அவர் கூப்பிடுவதில்லை. போன வாரம் ஒரு பெரியவரின் பென்ஷன் தாள் இறங்கவில்லை என்று அவரைக் கள்ளக்குறிச்சிக்கே அனுப்பிவிட்டதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஒரு போன் போட்டிருக்கலாமே அண்ணி, உடனே பார்த்துச் சொல்லியிருப்பேனே என்றேன்.

“ஒனுக்கு வேல இருக்கும்னுதான்” என்றார்.