கூரையில் சோலர், சோலருக்கு வெருளி

கிளிநொச்சியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. காலை எட்டு மணிக்கே முற்றத்து மணல் காலைச் சுடும். சோளகக் காற்று வீசத் தொடங்கினால், கொடியில் காயப்போட்ட சாரத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்து வளவில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். மாரியில் வாடைக்காற்று தன் பங்குக்கு வரும். இவ்வளவும் இலவசம். அதையெல்லாம் வேண்டாமென்று தள்ளிவிட்டு, கம்பி வழியே வரும் கரண்டுக்காகக் கையில் மெழுகுதிரியோடு காத்திருக்கும் புத்திசாலிகள் நாங்கள்.

என் மனைவி வீட்டில் குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருக்கிறாள். முட்டைகளை அடுக்கி மூன்று கிழமை மின்குமிழின் சூட்டில் வைத்தால் குஞ்சு வரும். கரண்ட் இருந்தால் வரும் என்பதுதான் சரி. சென்ற வருடம் பொரிக்கிற தறுவாயில் ஒருநாள் முழுக்கக் கரண்ட் நின்றது. சாக்கால் மூடினோம், சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்தோம், ஒன்றும் சரிவரவில்லை. ஒவ்வொரு முட்டையையும் காதருகே வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அவள் கொல்லையில் வெட்டிய கிடங்கில் போட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் சோலர்ப் பிரசாரத்தில் இறங்கினேன். கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்குப் பேச ஒரு விஷயம் வேண்டும். பகலில் வெயில், இரவில் காற்று, மாரியில் வெயில் படுத்தால் வாடை என்று கணக்காக விளக்கினேன். ஆனையிறவு தாண்டிப் போகும்போது பஸ் ஜன்னலால் தெரியும் பெரிய காற்றாடிகளைச் சாட்சிக்கு அழைத்தேன். எல்லாவற்றுக்கும் அவள் “ஓம்” என்றாள். அவளுடைய ஓம் சம்மதம் அல்ல, காதில் விழுந்தது என்பதற்கான ரசீது. நான் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன்.

நெளுக்குளத்திலிருந்து ஒரு தம்பி வந்து கூரையில் சோலர்ப் பலகைகளையும், உள்ளே பற்றரியையும், கொல்லைப்பக்கம் இரும்புக் குழாயில் ஒரு சின்னக் காற்றாடியையும் பூட்டினான். எங்கள் ஒழுங்கையில் எங்களுடையதுதான் முதல் சோலர். பார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியே அன்றைய பால்மா முடிந்தது. முன்வீட்டுக்காரர் இடுப்பில் கையூன்றி அண்ணாந்து பார்த்துவிட்டு, “உங்களுக்கென்ன அண்ணை, சூரியனையும் வளைச்சுப் போட்டியள்” என்றார்.

நான் பெருமையில் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை.

மறுநாள் வயலால் வந்து பார்த்தால், கூரையில் நான் நிற்கிறேன். என்னுடைய கந்தோர்க் காற்சட்டை, என்னுடைய நீலச் சேட்டு, உள்ளே வைக்கோல், தலைக்குக் கரி பூசிய சட்டி. கட்டுகிற வீட்டுக்குக் கண்ணூறு படாமல் வெருளி வைப்பது இங்கே வழக்கம். சோலருக்கும் வைக்கலாம் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. ஒழுங்கையால் போனவர்களெல்லாம் என்னைவிட அதற்குத்தான் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

இதற்கிடையில் பெட்டியில் புது முட்டைகள் ஏறிவிட்டன. பற்றரி மட்டும் நிரம்ப மறுத்தது. சோளகம் ஓய்ந்திருந்த நேரம், காற்றாடியும் பேருக்குத்தான் சுற்றியது. அடுத்த கிழமை கம்பி வேலைக்காக நாள் முழுக்கக் கரண்ட் நிற்குமென்று அறிவித்தார்கள். முட்டைகள் பொரிக்க வேண்டியதும் அதே கிழமைதான். பதறிப்போய்த் தம்பியை வரச் சொன்னேன். அவன் படலையில் நின்று மேலே பார்த்ததும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான்.

“ஐயா, ஒரு பலகையில நிழல் விழுந்தாலே தொடுத்திருக்கிற மற்றதுகளும் சேர்ந்து படுத்திடும். உந்த ஆளை இறக்கவேணும்.”

“அது நிக்கட்டும்” என்றாள் மனைவி.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. “இந்த முட்டையளையும் கிடங்கில போடப்போறியே? உனக்குக் கண்ணூறு பெரிசோ, குஞ்சு பெரிசோ?”

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தம்பியிடம் கேட்டாள்: “தம்பி, இதெல்லாத்தையும் கழட்டுறதெண்டா எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“ஏனம்மா கழட்டுவான்? இருபத்தைஞ்சு வருச உத்தரவாதம் தந்திருக்கிறம்.”

“கலியாணம் முடிச்ச நாள் தொட்டு இருபத்தைஞ்சு வருசம் நாங்கள் ஒரு கூரைக்குக் கீழ இருந்தனாங்களே?”

என் கோபம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. யுத்தத்துக்குள் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் நாங்கள். போன இடத்தில் இறக்கிப் பூட்டுவோம். ஷெல் கிட்ட வந்தால் மறுபடி கழற்றுவோம். கடைசியில் தகரத்தையும் மெசினையும் தெருவோரத்தில் விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடந்தோம். நான் காற்றையும் வெயிலையும் பற்றி அவளுக்கு மாதக்கணக்கில் விளக்கியிருக்கிறேன். அந்தக் கணக்கில் இந்தத் தகரத்தை நான் ஒருநாளும் சேர்க்கவில்லை.

தம்பிக்கு அந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துச் சொன்னான்: “ரெண்டு பேர் நிண்டா அரைநாள் காணும் அம்மா. பதின்மூண்டாம் நம்பர் ஸ்பனர் ஒண்டு போதும். பற்றரிதான் கொஞ்சம் பாரம்.”

“காத்தாடி?”

“அது குழாயோட கழண்டு வரும்.”

அவள் கூரையில் இருந்த பலகைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். “அரைநாள் கிடைக்கும்” என்று தனக்குள் சொன்னாள். பிறகு, “அந்த வெருளியை இறக்கி விடு தம்பி” என்றுவிட்டுக் குசினிக்குள் போனாள்.

அறிவித்தபடியே கரண்ட் நின்றது. பெட்டியின் மின்குமிழ் நிற்கவில்லை. மத்தியானம் முதல் ஓடு வெடித்தபோது அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். பின்னேரம் பார்த்தால் பெட்டி முழுக்கக் கீச்சுக் கீச்சென்று ஒரே சத்தம். முன்வீட்டுக்காரரும் வந்து பார்த்துவிட்டு, தனக்கும் சோலர் பூட்ட என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வெயிலில் ஆரம்பித்தேன்.

சில நாள் கழித்துக் காணி உறுதிப் பத்திரம் ஒன்று தேவைப்பட்டது. உறுதியும் அடையாள அட்டைகளும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களும் வைத்த பை எங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டில், இழுத்தால் கையோடு வரும்படி எப்போதும் இருக்கும். திறந்தேன். பத்திரங்களுக்கு நடுவில் பொலித்தீனில் சுற்றிய புது ஸ்பனர் ஒன்று இருந்தது. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவியிருந்தாள். உறுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்பனரை இருந்த இடத்திலேயே வைத்தேன்.