பச்சைக்கரைப் பாத்திரம்

என் மாமியார் மாவிஸைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லி நேற்று அவள் அடக்கத்தின்போது சர்ச்சில் என்னை எழுப்பிவிட்டார்கள். நல்ல தாய், நல்ல பாட்டி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்குமேல் தெம்பில்லை. இரண்டு வருஷம் அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, நடுவில் காலையும் மாலையும் இருநூறு மாடு கறந்தவளுக்கு வேறென்ன பேச்சு வரும்? விட்டுப்போனதை இங்கே சொல்கிறேன்.

டிராக்டர் கவிழ்ந்து கணவர் செத்தபோது மாவிஸுக்கு நாலு பிள்ளைகள். கடைக்குட்டி, என் வீட்டுக்காரன் நெவில், அப்போது கைக்குழந்தை. பண்ணையை விற்கச் சொன்னவர்களை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டு மாடு கறக்கப் போனவள் அவள். பிறகு ஒன்பது பேரப்பிள்ளைகள். எவன் சாண்ட்விச்சில் உப்புக்கரிக்கும் வெஜிமைட் பசையைத் தடவக் கூடாது, எவள் ஃபுட்பால் பூட்ஸில் ஓட்டை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கிறிஸ்துமஸ் அன்றுகூட அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்" என்று அடுப்போரம் நின்றே தின்பாள்.

இந்த ரோட்டில் சாவோ பிரசவமோ, முதலில் போகிற சாப்பாடு அவளுடையது. பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதுவாள். இங்கே எல்லோரும் அப்படித்தான். திருப்பித் தரும்போது கழுவி, எதையாவது செய்து போட்டுத் தர வேண்டும். வெறும் பாத்திரத்தோடு வாசலில் நிற்பது கேவலம்.

வாய் மட்டும், அப்பப்பா! கிறிஸ்துமஸ் வான்கோழி வைக்க அவளுடைய அம்மா கொடுத்த நீளமான பீங்கான் பாத்திரம் ஒன்று இருந்தது. பச்சைக்கரை, ஒரு கைப்பிடி உடைந்தது. என் மகள் பிரையனி பிறந்த வருஷம் காணாமல் போயிற்று. "ரோஸ்லின்தான் உடைச்சுத் தூக்கிப் போட்டுட்டா" என்று அந்தக் கிறிஸ்துமஸில் எல்லோர் முன்னாலும் என்னைக் கைகாட்டிச் சொன்னாள். பதினெட்டு வருஷமாக வான்கோழி மேஜைக்கு வரும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு, என் பக்கம் ஒரு பார்வை. நெவில்கூட, "உடைஞ்சிருந்தா சொல்லிடேன் ரோஸ்" என்றான்.

அவள் தப்பு செய்தால் மட்டும் மன்னிப்பெல்லாம் கிடையாது, ஒரே பேச்சுதான். சர்க்கரை என்று உப்பைக் கொட்டிக் கேக் செய்த அன்றும், "சரி சரி, கழுவி வை" என்று கேக் டின்னை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

போன மாதம் ஓட்ஸ் கஞ்சி ஊட்டும்போது கேட்டேன். "மாவிஸ், நான் எடுக்கலை. இப்பவாவது நம்புங்க."

"மோவாயில வழியுது பாரு, தொடை" என்றாள். அதைப் பற்றிப் பேசியது அதுதான் கடைசி.

இன்று மத்தியானம் ஃபிரிட்ஜில் இடமில்லாமல், வந்த சாப்பாடுகளை மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பண்ணை லெஸ், துணி சுற்றிய ஒன்றோடு வந்தார். எண்பது வயது. மனைவி மார்கரெட் போனபிறகு டின் உணவிலேயே காலம் தள்ளுகிறவர்.

"என்ன லெஸ், நீங்களா சமைச்சீங்க? யார் சாகணும் அதைச் சாப்பிட்டு?"

"ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் கண்ணு. மூணு தடவை தீஞ்சுபோச்சு. இது நாலாவது."

துணியைப் பிரித்தேன். பச்சைக்கரை. உடைந்த கைப்பிடி.

"இது... உங்ககிட்ட எப்படி?"

"மார்கரெட் செத்தப்ப மாவிஸ் இதுலதான் சாப்பாடு கொண்டாந்தாங்க. வெறும் பாத்திரமா எப்படித் திருப்புறது? எனக்குச் சமைக்கத் தெரியாது. இந்த வாரம் ஆகட்டும், அடுத்த வாரம் ஆகட்டும்னு... அப்புறம் வெக்கமாப் போச்சு."

"அவங்க கேட்கவே இல்லையா?"

"இல்லையே. அப்ப உனக்குப் பிரசவ நேரம், ராப்பகலா உங்கூடவே கிடந்தாங்க. மறந்திருப்பாங்க."

அவர் போனதும் கறியை வேறு சட்டிக்கு மாற்றிவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்தேன். பழுப்பேறிய டேப்பில் அவள் கையெழுத்து: "மாவிஸ். திருப்பித் தர அவசரமில்லை."

நெவிலைக் கூப்பிட்டு, லெஸ் சொன்னதைச் சொல்லிக் கையில் கொடுத்தேன். படித்தான். முகம் சுருங்கிப்போயிற்று.

"நானும் உன்னை நம்பலையே ரோஸ். மன்னிச்சுக்கோ. அம்மா இருந்திருந்தா அவங்களும் மன்னிப்பு கேட்டிருப்பாங்க."

"கேட்டிருக்க மாட்டாங்க."

"ஆமா," என்றான். "சரி சரி, கழுவி வைன்னிருப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அழுகையும் வந்தது. கஞ்சி ஊட்டும்போது அவள் உட்காரும் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்து அழுதேன். பதினெட்டு வருஷம் காத்திருந்தேன். அந்த ஒரு பேச்சை அவள் வாயால் சொல்லிக் கேட்டிருந்தால் போதும்.